மரக் கொட்டகையை இறக்கி மக்கள் அரங்கை எழுப்பிய இத்ரூஸ் அவர்களுக்கு

மிளகும் கறுவாவும் மணக்கும் மாத்தளை மாவட்டத்து மலையடிவாரத்தில், எங்கள் பட்டினசபையின் வேலைப்பகுதிக்கு மேற்பார்வையாளராக வந்து, கல்லோடும் கம்பியோடும் காலத்தைக் கழித்தும் கனிவு காயாது காத்து, கடமையைக் கண்ணாகவும் கைத்திறனைத் துணையாகவும் கொண்டு, இன்று ஓய்வென்னும் உரிய நிழலை நோக்கி உள்ளம் நிறைந்து செல்லும் எங்கள் பெருமதிப்புக்குரிய ஓவர்சியர் ஜனாப் இத்ரூஸ் அவர்களே!

பாதை பழுதென்றால் இரவென்றும் மழையென்றும் பாராது வந்து நின்ற பண்பாளரே, வாய்க்கால் உடைந்தாலும் வார்த்தை உடையாத வல்லாளரே, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தத்தம் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லி அழைக்கும் பெரியவரே, உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும் உரித்தாகுக.

இத்தகைய மடல்களில் விடைபெறுபவரை முகத்துக்கு நேரே விளித்துக் கடைசிவரை புகழ்வதே வழக்கம். நாங்களும் அப்படியே ஒன்று எழுதினோம். சென்ற வாரம் எழுதுவினைஞர் பலீல் அதை வாசித்துக் காட்டியபோது நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா ஈக்கிது. இது யாரப் பத்தி?” என்று கேட்டீர்கள். அந்தப் பிரதி அன்றே கிழிக்கப்பட்டது. ஆகவே, உங்களை உங்களுக்கே எடுத்துச் சொல்லும் வீண்வேலையை விட்டு, இங்கே திரண்டிருக்கும் அவையோருக்கு உங்களைப் பற்றிச் சொல்லப்போகிறோம். தேநீர் வேளைகளில் நீங்கள் சொன்னதும், உங்களோடு நின்று நாங்கள் கண்டதுமே இதில் இருக்கின்றன. நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே, இத்ரூஸ் அவர்கள் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய வாப்பா கடைவீதியில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்றவர். மகன் கடையில் வந்து உட்காருவான் என்று வீட்டார் காத்திருக்க, மகனோ பாடசாலை விட்டதும் மைதானத்துக்கு ஓடினார். ஊர் உதைபந்தாட்ட அணியில் அவர் பின்வரிசையில் நின்ற காலத்தில் அவரைத் தாண்டிப் பந்து போவது அரிது. அப்படியே போனாலும் பயமில்லை. அவருக்குப் பின்னால் கோலில் நாகமுத்து நின்றார்.

நாகமுத்து மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், இத்ரூஸ் அவர்களைவிடச் சில வயது இளையவர், அவரை அண்ணன் முறையில் நானா என்றே அழைப்பார். தோட்டத்து அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை, பெரிய போட்டிகள் வந்தால் ஊர் அணி இரவல் கேட்டு அழைத்துக்கொள்ளும். மலையிறங்கி நடந்தே வருவார், ஆட்டம் முடிந்ததும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு நடந்தே போய்விடுவார். மற்ற ஆட்டக்காரர்கள் தேநீருக்காகப் பெவிலியனில் ஏறும்போது அவர் பாதி வழி போயிருப்பார். வழி தூரம், இருட்டுமுன் போகவேண்டிய அவசரம் என்று இத்ரூஸ் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெவிலியனைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்றைய இளையவர்கள் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். வெள்ளைத் துரைமார் குதிரை ஓட்டவும் கிரிக்கெட் ஆடவும் அந்த மைதானத்தைச் சமப்படுத்தி, மேற்குக் கரையில் மரத்தால் ஒரு பார்வையாளர் கூடம் எழுப்பினார்கள். ஊரார் வாயில் அது தொரைமார் கொட்டகை. பலா மரத் தூண்கள், ஏறிச்செல்லும் படிவரிசைகள், கூரை விளிம்பில் பூவேலை செய்த பலகை. பின்னேரம் ஆனதும் அதன் நிழல் மைதானத்தின் பாதிவரை இறங்கி வரும். மேல்வரிசையில் இருந்து பார்த்தால் ஆடுகளமும், அதற்கப்பால் வயலும், வயலுக்கப்பால் தேயிலை மலையும் ஒன்றின்மேல் ஒன்றாய்த் தெரியும்.

எல்லாவற்றையும்விட அதன் சத்தம். கோல் விழுந்தால் உள்ளே இருந்தவர்கள் பலகைத் தளத்தைக் காலால் மிதிப்பார்கள். அடியில் வெற்றிடம் ஆகையால் கொட்டகை முழுவதும் பறைபோல் அதிரும். அந்த அதிர்வு கடைவீதிவரை கேட்கும். தராசில் கை வைத்திருந்த வியாபாரிகள் நிமிர்ந்து பார்த்து, “நம்மட ஆக்கள் போட்டுட்டாங்க” என்று சொல்லிவிட்டு நிறுவையைத் தொடர்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமாரின் கழகம் கலைந்தது. மைதானமும் கொட்டகையும் பட்டினசபைக்கு வந்தன. சில ஆண்டுகளில் இத்ரூஸ் அவர்களும் சபையின் வேலைக்கு வந்தார். கால்கள் ஓய்ந்து ஆட்டத்தை விட்ட பின்னும் கொட்டகையை அவர் விடவில்லை. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் தானே ஏணி வைத்து ஏறித் தகரம் பார்ப்பார், கறையானுக்கு மருந்து பூசுவார், தூண்களுக்குத் தார் வைப்பார். சபையின் வேறு எந்தக் கட்டடத்துக்கும் அவர் அப்படி ஏணி ஏறியதில்லை என்று முன்னாள் தவிசாளர் ஒருவர் குறைப்பட்டதும் உண்டு.

ஆனால் கறையானும் விடவில்லை. அறுபத்தேழாம் ஆண்டின் இறுதிப் போட்டியன்று கூட்டம் மிதித்த மிதியில் ஒரு பலகை இற்று உடைந்தது. ஒருவரின் கால் முழங்கால்வரை உள்ளே போய் எலும்பு முறிந்தது. அடுத்த சபைக் கூட்டத்திலேயே பேச்சு எழுந்தது. பழையதை இடிப்போம், ஊர் முழுவதும் உட்காரத்தக்கதாய்ச் சீமெந்தில் புதிய அரங்கு கட்டுவோம் என்றார்கள். இத்ரூஸ் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. இற்றுப்போன தூண்கள் சிலவே, அவற்றை மாற்றித் தளத்தைப் புதிதாக இட்டால் கொட்டகை இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும், செலவும் சிறிது என்று அவர் எழுதிக் கொடுத்தார். சபை இரண்டாகப் பிரிந்தது. பொதுமக்களின் கருத்தையும் கேட்போம் என்று ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்கள்.

கடைக்காரர்கள் பேசினார்கள், ஆசிரியர்கள் பேசினார்கள். பெரும்பாலோர் பழையதற்காகவே உருகினார்கள். அங்கே பார்த்த ஆட்டங்கள், அடித்த கோல்கள், மழைக்கு ஒதுங்கிய மாலைகள் என்று பேச்சு இனித்துக்கொண்டிருந்தது. இத்ரூஸ் அவர்களின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அப்போதுதான் பின்வரிசையில் நாகமுத்து எழுந்தார். அவர் அப்போது தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். ஊர் அணிக்காக இத்தனை ஆண்டு கோல் காத்தவர் ஆகையால் சபை அவரையும் அழைத்திருந்தது.

“எனக்கு ஓட்டுக் கெடையாதுங்க,” என்று, இந்நாட்டுப் பிரசாவுரிமை இல்லாதவராகிய அவர் ஆரம்பித்தார். “கூப்பிட்டுக் கேட்டதுனால பேசுறேன். எல்லாரும் அந்தக் கொட்டகை நல்ல கொட்டகைன்னு சொல்றீங்க. இருக்கும். நான் உள்ள ஏறிப் பாத்ததில்லை. மொத மேட்ச் ஆடின அன்னிக்கு எல்லாரோடயும் டீ குடிக்க ஏறப் போனேன். படியில ஒருத்தர் கைய நீட்டி, தோட்டத்து ஆளுக கீழ நில்லுன்னாரு. தொரைமார் போனப்புறம் நடந்ததுதாங்க இது. அதுக்கப்புறம் நான் ஏறப் போகல. எங்க ஆளுக இன்னிக்கும் கயித்துக்கு இந்தப்பக்கம் வெயில்ல நின்னுதான் பாக்குறாங்க. நான் பந்தப் புடிச்சப்ப எல்லாம் நீங்க பலகைய மிதிச்சீங்க, அது எனக்குக் கேட்டிச்சு. எனக்காக மிதிச்ச பலகையில நான் கால் வச்சதில்லைங்க. எல்லாரும் உக்கார ஒரு எடம் கட்டுறதுன்னா கட்டுங்க. அவ்வளவுதான்.”

அவர் உட்கார்ந்தார். அதன்பின் பழைய கொட்டகைக்காகப் பேச எவரும் எழவில்லை. புதிய அரங்கு என்று தீர்மானமாயிற்று. இத்ரூஸ் அவர்கள் வெளியேறினார். நாகமுத்து வாசலில் நின்றிருந்தும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவருடைய மனைவி றம்லா அவர்கள் பின்னேரத் தேநீரை வைத்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். அவர் சொன்னார். சொல்லும்போது குரலில் கோபம் இருந்தது.

“இத்தன வருஷம் ஒண்டா வெளாடினவன். எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. எல்லார்ட முன்னுக்கும் எழும்பிச் சொல்றான்.”

றம்லா அவர்கள் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, “கலியாணம் முடிச்ச நாள் தொட்டு அந்தக் கொட்டகையப் பத்தித்தான் சொல்றீங்க,” என்றார். “எந்த மரம், எந்தத் தூண், எந்தப் பக்கம் காத்து வருது எண்டு எனக்கும் பாடம். நான் ஒரு நாளாவது அதுல ஏறி ஈக்கிறேனா? பொம்புளைகளுக்கு அங்க எடம் ஈந்திச்சா? நீங்களும் ஒரு நாள் கேக்கல்லையே.”

அதில் குற்றம்சாட்டும் தொனி இல்லை, உள்ளதைச் சொன்னார், அவ்வளவே. ஆனால் தேநீர் ஆறிப்போகும்வரை இத்ரூஸ் அவர்கள் கோப்பையைத் தொடவில்லை என்று றம்லா அவர்களே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் கழிந்து ஒரு ஞாயிறு காலை இத்ரூஸ் அவர்கள் மலையேறித் தோட்டத்துக்குப் போனார். இத்தனை ஆண்டு நட்பில் அவர் நாகமுத்து குடியிருந்த தொழிலாளர் வரிசைவீடாகிய லயத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. நாகமுத்து வாசலில் பலகைக் கட்டிலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் முகத்தில் சவர்க்காரத்தோடு எழுந்து நின்றார்.

“வாங்க நானா. கோவிச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?”

“முகத்தக் கழுவிட்டு வா. ஒரு எடத்துக்குப் போகணும்,” என்றார் இத்ரூஸ் அவர்கள்.

இருவரும் மலையிறங்கினார்கள். மைதானத்தில் ஆள் இல்லை. இத்ரூஸ் அவர்கள் திறப்பை எடுத்துக் கொட்டகையின் சிறு கதவைத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நாகமுத்து படியின் கீழே சிறிது நேரம் நின்றார். செருப்பைக் கழற்றப் போனார்.

“அது என்னத்துக்கு? போட்டுக்கிட்டே ஏறு.”

அவர் ஏறினார். நடுவரிசையில் முன்னர் பெரிய மனிதர்களுக்கென்று போட்டிருந்த பிரம்பு நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். இத்ரூஸ் அவர்கள் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். மேற்கிலிருந்து காற்று பலகை இடுக்கு வழியே முதுகில் வந்து பட்டது. மைதானமும் வயலும், அதற்குமேல் நாகமுத்து வேலை செய்த தோட்டமும் நேரெதிரே தெரிந்தன. லயத்துக் கூரைகள்கூட வரிசையாய் எண்ணும்படி தெரிந்தன.

“எங்க வீடு இங்கேருந்து தெரியுதே,” என்றார் நாகமுத்து.

“தெரியும்.”

“நான் அங்கேருந்து இத நெதமும் பாத்திருக்கேன். இங்கேருந்து அது தெரியும்னு நெனச்சதில்லை.” அவர் நாற்காலிக் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு நானா. நல்லா இல்லாட்டி எனக்கு அவ்வளவு கோவம் வந்திருக்காது.”

இந்த ஒரு வார்த்தையை இத்ரூஸ் அவர்கள் எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்லும் ஒவ்வொரு முறையும் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

“அப்ப என்ன செய்வோம்?” என்று அவர் கேட்டார்.

“ஒடைக்கணுமா? கதவத் தொறந்து விட்டா போதாதா? ரெண்டு பக்கமும் இதே மாதிரி நீட்டிக் கட்டினா எங்க ஆளுகளும் உக்காரலாம்.”

“பொம்புளைகளும்.”

“பொம்பளைகளும்தான்.”

அங்கேயே இருந்தபடி இருவரும் பேசினார்கள். எந்தத் தூணை மாற்றுவது, எந்தப் பக்கம் நீட்டுவது, பெண்களுக்கு ஏறும் வழியை எங்கே வைப்பது என்று இத்ரூஸ் அவர்கள் விரலால் காற்றில் வரைந்து காட்ட, நாகமுத்து இல்லை அப்படி வேண்டாம், இப்படி என்று அழித்து வரைந்தார். ஆட்டக்காலத்தில் கோல் முன்னே நின்று ஆளுக்காள் இடம் சொல்லிக்கொண்டதுபோல இருந்தது என்று இத்ரூஸ் அவர்கள் சொல்வார். அந்தக் காலைப்பொழுதைப்போல ஒரு பொழுது அதற்குப்பின் தனக்கு வாய்க்கவில்லை என்றும் சொல்வார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து தவிசாளரைக் காணப் போனார்கள். அவர் நல்லவர். இருவரையும் இருத்தி முழுவதும் கேட்டார். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு சொன்னார்:

“தீர்மானம் மேலே போய் அனுமதியும் வந்திட்டுது. இனி நான் தடுத்தால் புதியதும் இல்லாமல் போகும், பழையதைத் திருத்தவும் விடமாட்டார்கள். நீங்கள் ரெண்டு பேரும் அந்தக் கூட்டத்துக்கு முந்திச் சேர்ந்து வந்திருந்தால் கதை வேறு.”

வெளியே வந்ததும் நாகமுத்து வாகை மரத்தடியில் நின்றுவிட்டார்.

“நான் பேசாம இருந்திருக்கலாம் நானா.”

“நீ பேசினது நெசம். நீ பேசாம ஈந்திருந்தா நான் அத ஒரு நாளும் தெரிஞ்சிக்கமாட்டேன்,” என்றார் இத்ரூஸ் அவர்கள்.

கொட்டகையை இடிப்பதற்கு வெளியாட்களை அமர்த்த வேண்டாம், தானே இறக்கித் தருகிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரு பலகையும் முறியாமல் இறக்கினால் மைதானத்தின் மறுகரையில் சிறிதாகவேனும் மீண்டும் நிறுத்தலாம் என்பது அவருடைய ஆசை. கோடரி வேண்டாம் என்று எங்களுக்குக் கட்டளை. ஆணியை நெம்பி எடுத்துத் தூணைக் கயிற்றில் தாங்கி, நோயாளியைக் கட்டிலில் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாய்க் கிடத்தினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமுத்துவும் வந்து தோள் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் கடைசியாய்த் தளப்பலகை. அதைக் கழற்றுமுன் நாகமுத்து அதன்மேல் ஏறி நின்று காலால் இரண்டு தட்டுத் தட்டினார். கூரையும் சுவரும் போய்விட்டதால் சத்தம் திரளவில்லை. மைதானத்தின் மேல் பரவிக் கரைந்துபோயிற்று. இத்ரூஸ் அவர்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, “சரி, இறங்கு,” என்றார்.

புதிய அரங்குக்குக் காலம் கைகொடுக்கவில்லை. அத்திவாரம் எழுந்தது, மூன்று படிகள் எழுந்தன, சீமெந்து நின்றுபோயிற்று. நாடு முழுவதும் தட்டுப்பாடு. இறக்குமதி இல்லை, வரிசையில் நின்றாலும் கிடைப்பதில்லை. மைதானத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆண்டுகள் கழிந்தன. சபையின் முற்றத்தில் அடுக்கியிருந்த மரங்களைக் கண்டு கேட்டவர்கள் எடுத்துப் போனார்கள். ஒரு பகுதி பல்லேபொலவில் ஒரு பாடசாலைக் கூரைக்குப் போயிற்று. தூண்களில் நான்கு நாவுலையில் பஸ் தரிப்பிடமாய் நின்றன. இத்ரூஸ் அவர்கள் எதையும் தடுக்கவில்லை, யாருக்காவது நிழலாகட்டும் என்றார். ஆனால் அலுவலாய் நாவுலைக்குப் போகும் நாட்களில், திரும்பும் பஸ் வந்து நின்றாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்காக அந்தத் தூணடியிலேயே உட்கார்ந்திருப்பார். கூடப்போன எங்களில் ஒருவர் ஒருமுறை காரணம் கேட்டார். “அந்த பஸ்ல சனம் கூட,” என்றார். அந்த பஸ்ஸில் பாதி இருக்கைகள் வெறுமையாய் இருந்தன.

அந்த ஆண்டுகளில்தான் நாகமுத்துவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டந்தோட்டமாய்க் குடும்பங்கள் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. அவருக்கும் மனைவி மக்களுக்கும் அக்கரை. கூடப்பிறந்த தங்கை அழகம்மா தன் கணவனோடு இலங்கைப் பிரசாவுரிமைக்கு எழுதியிருந்தபடியால் அவளுக்கு இக்கரை. பெயர் கேட்டே அறிந்த ஊருக்குப் புறப்பட அவருக்கு நாள் குறிக்கப்பட்டது.

இத்ரூஸ் அவர்கள் மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனார். மேடை நிறையத் தகரப்பெட்டிகளும் அழுகையும். நாகமுத்து பெட்டிகளை ஏற்றிவிட்டு இறங்கி வந்து நின்றார்.

“அரங்கு முடியலையே நானா.”

“முடிப்பேன். பென்ஷனுக்கு முந்தி முடிச்சிடுவேன்.”

“முடிப்பீங்க.” சற்று நின்று, சிரித்துக்கொண்டே, “அங்க வேல என்னான்னு தெரியல. வயசும் போச்சு. இனிமே யாரு என்னையக் கோல்ல நிக்க விடப்போறாங்க?” என்றார்.

இத்ரூஸ் அவர்கள் கைநீட்டி நாகமுத்துவின் சட்டைக் கழுத்து மடிந்திருந்ததை நிமிர்த்திவிட்டார். ரயில் அசைந்தது. அது மறைந்து வெகுநேரத்துக்குப் பின்னும் அவர் மேடையிலேயே நின்றார் என்று, அன்று கூடப்போன இத்ரூஸ் அவர்களின் மைத்துனர் பாறூக் சொல்லியிருக்கிறார்.

அதன்பின் அவர் சீமெந்துக்காக ஏறாத கந்தோர் இல்லை, பார்க்காத அதிகாரி இல்லை. அத்திவாரம் இடுமுன் வந்த முதல் வரைபடத்தில் அரங்கு கிழக்குக் கரையில் இருந்தது. மக்களின் முகத்தில் பின்னேர வெயில் அடிக்கும், பழையது நின்ற மேற்கிலேயே கட்டுவோம் என்று அவர் கேட்க, பொறியியலாளர் அப்போதே மகிழ்ந்து இசைந்திருந்தார். பெண்களுக்குத் தனி வாயிலும், வெயில் மழைக்குக் கூரையும், எவரையும் பிரிக்கும் கயிறு இல்லாத ஒரே நீளப் படிவரிசையும் அவர் கேட்டுப் பெற்றவை. முடிந்தது. சென்ற மாதம் திறந்துவைத்தோம். தோட்டங்களின் கூட்டு அணியும் ஊர் அணியும் முதல் ஆட்டம் ஆடின.

அன்று அரங்கு வழிந்தது. லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாய் வந்திருந்தார்கள். பட்டினத்து முஸ்லிம் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தங்கள் வாயிலால் ஏறினார்கள். றம்லா அவர்களும் ஏறி, கணவரைப் பார்த்துக் கையசைத்தார். முதல் கோல் விழுந்ததும் கூட்டம் எழுந்து மிதித்தது. சீமெந்து சத்தம் போடவில்லை. வாய்கள்தான் முழங்கின. இத்ரூஸ் அவர்கள் தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்கப் பார்த்ததையும், பிறகு மெல்ல நேரே திரும்பியதையும் அருகிலிருந்த நாங்கள் கண்டோம்.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியபோது, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் வரிசையோரமாய் வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“நீங்கதானுங்களா இத்ரூஸ் நானா? நான் நாகமுத்து தங்கச்சி, அழகம்மா.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து மைதானத்தை ஒருமுறை முழுவதும் பார்த்தாள்.

“எங்கண்ணன் எந்தக் கோலுல நிப்பாருங்க?”

“ரெண்டு பக்கமும் மாறி மாறி நிக்கிறதுதான். ஆனா அந்த வடக்குக் கோல்தான் அவனுக்கு ராசி. ஏன், நீ பாத்ததில்லையா?”

“எங்க நின்னு பாக்குறதுங்க?” என்றாள் அழகம்மா. “வீட்டுக்கு வந்து சட்டைய அவுத்துப் போடுவாரு, நான் தொவைப்பேன். மண்ணு எந்தப் பக்கம் அப்பியிருக்குதுன்னு பாத்து, இன்னிக்கு இந்தப் பக்கம் விழுந்திருக்காருன்னு நெனச்சுக்குவேன். அவ்வளவுதான் நான் பாத்தது.”

இத்ரூஸ் அவர்கள் கையை நீட்டி வடக்குக் கோலைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். வெளியூர் அணியோடு ஆடிய ஒரு மழைநாள். தண்டனை உதை. பந்தை வைத்தவன் பலசாலி. நாகமுத்து இரண்டு கையையும் தொங்கவிட்டு, தூக்கம் வந்தவரைப்போல் நின்றார்.

“அடிச்சான். எனக்குப் பந்தே தெரியல்ல. இவன் வலப்பக்கம் பாஞ்சது மட்டும் தெரிஞ்சிச்சு. சேத்துல விழுந்தவன் எழும்பல்ல. நாங்க எல்லாம் ஓடினோம். பாத்தா, பந்த வயித்துக்குள்ள வச்சு சுருண்டுகிட்டு சிரிச்சிக்கிட்டுக் கெடக்குறான்.”

“வலிச்சிருக்குமோ?”

“வலிச்சிருக்கும். சொல்லமாட்டானே.”

“ஆமாங்க. வீட்டுலயும் சொன்னதில்லை.”

அவள் கேட்க அவர் சொன்னார், அவர் சொல்ல அவள் மேலும் கேட்டாள். ஆட்டம் தெற்குப் பக்கத்தில் மும்முரமாய் நடந்துகொண்டிருந்தது. வடக்குக் கோலில் நின்ற இளைஞன்கூட முன்னே ஏறிப் போய்விட, கம்பங்களுக்கு இடையே எவரும் இல்லை. இவர்கள் இருவரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து அணி வெற்றிக் கோலை அடித்ததையும், அரங்கு முழுவதும் எழுந்து நின்றதையும் அவர்கள் காணவில்லை.

இத்ரூஸ் அவர்களே, அவையோருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டோம். இனி உங்களுக்கே சொல்கிறோம்.

நீங்கள் இட்ட பாதைகளில் எங்கள் பிள்ளைகள் நடக்கிறார்கள், நீங்கள் எழுப்பிய அரங்கில் எங்கள் தாய்மாரும் தங்கையரும் அமர்கிறார்கள். இழந்ததை மறக்காமலும் இருப்பதை வெறுக்காமலும் வாழ்வது எப்படி என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. உங்கள் அருகே இருந்து பார்த்துக்கொண்டோம். மூட்டு வலியின்றி, மூச்சு இளைப்பின்றி, அன்புத் துணைவியார் றம்லா அவர்களோடும் மக்கள் மருமக்களோடும் நெடுங்காலம் நிறைவோடு வாழ, எங்களில் முஸ்லிம்கள் துஆச் செய்கிறோம், இந்துக்கள் கோயிலில் அர்ச்சனை வைத்திருக்கிறோம், பௌத்தர்கள் விகாரையில் மலர் வைத்திருக்கிறோம். அதற்கு மேலும் ஒன்று வேண்டுகிறோம். நாகமுத்துவைக் கொண்டுபோனதுபோல, தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் புறப்படும் கப்பல் ஒருநாள் உங்களையும் ஏற்றிச் செல்லட்டும். அக்கரையில் உங்களுக்காக ஒருவர் நடந்தே வந்து நிற்கட்டும்.

உங்கள் நிழலில் நின்று வேலை பழகிய,
பட்டினசபை வேலைப்பகுதி, கந்தோர், நீர் வழங்கல், துப்புரவுப் பகுதி ஊழியர் அனைவரும்.

சபை மண்டபம்,
மாத்தளை மாவட்டம்.
1974 ஆவணி